கிரில் கதவின் சத்தம் மேடையில் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்ப நாடகத்தின் காலம் போய்விட்டது, தமிழ் மேடை இனியாவது மாமியார் மருமகள் கதையை விட்டு வெளியே வரட்டும் என்ற குரல் ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மண்டபம் மண்டபமாக நாடகம் பார்த்து நொந்தவர்கள் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிறோமோ என்று தோன்றுகிறது. மேடையில் சலிப்புத் தட்டுவது குடும்பத்தால் அல்ல. தொலைக்காட்சித் தொடரை வேரோடு பிடுங்கிவந்து மேடையில் நட்டுவைக்கிறார்கள். மண் ஒட்டாமல் அது வாடுகிறது.

நவீன நாடகம் என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அது ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த கதை. 1879 டிசம்பரில் கோபன்ஹேகன் அரச அரங்கில் நார்வேக்காரர் ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' மேடையேறியது. ராஜா இல்லை, போர் இல்லை, கொலை இல்லை. ஒரே அறை, மூன்று நாள், ஒரு கடன் பத்திரம். கடைசியில் மனைவி நோரா கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு இறங்கிப் போகிறாள். கீழே கதவு சாத்தப்படும் சத்தத்தோடு திரை விழுகிறது. ஜெர்மனியில் அந்த வேடமேற்ற நடிகை, பெற்ற பிள்ளைகளை விட்டு நான் போகமாட்டேன், முடிவை மாற்றினால்தான் நடிப்பேன் என்று அடம்பிடித்தார். இப்சனின் நாடகங்களுக்கு அங்கே பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத காலம். வேறு யாரோ கைவைத்துக் கெடுப்பதைவிட நானே எழுதித் தொலைக்கிறேன் என்று, பிள்ளைகள் தூங்கும் அறை வாசலில் நோரா சரிந்து விழும் மாற்று முடிவை இப்சனே எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை.

ஒரு கதவுச் சத்தத்துக்கு இவ்வளவு ரகளை. அது சீனாவரை போனது. 1923இல் பெய்ஜிங்கில் பெண்கள் ஆசிரியர் கல்லூரியில், நோரா போன பிறகு என்ன ஆவாள் என்பதையே தலைப்பாக வைத்து எழுத்தாளர் லூ சுன் பேசினார். கையில் காசில்லாமல் கிளம்பினால் ஒன்று கெட்டுப்போவாள், அல்லது திரும்பி வருவாள் என்பது அவர் போட்ட கணக்கு. கதாபாத்திரத்தின் கைப்பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்ன கேள்வி அது. நம் மேடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் மருமகளிடம் அதை யாரும் கேட்பதில்லை. பத்துமலையிலிருந்து அவள் எங்கே போகிறாள்? கிராப் பிடிக்கிறாளா, கொம்யூட்டர் ரயிலா? யார் வீட்டு சோபாவில் படுக்கிறாள்? இதற்குப் பதில் தெரியாமல் எழுதப்பட்ட வெளிநடப்பு, வசனம் எத்தனை பக்கம் இருந்தாலும் வெறும் வெளிநடப்புதான்.

அமெரிக்கர் யூஜீன் ஓநீல் தன் சொந்த வீட்டை, அதாவது தந்தையின் கஞ்சத்தனம், தாயின் மார்ஃபின் பழக்கம், அண்ணனின் குடி எல்லாவற்றையும், 1940களின் தொடக்கத்தில் நாடகமாக எழுதி முடித்தார். நான் செத்து 25 வருஷம் கழியாமல் அச்சேற்றக் கூடாது என்று முத்திரை போட்டுப் பதிப்பகத்திடம் ஒப்படைத்தார். 1953இல் அவர் இறந்தார். மூன்றே ஆண்டில், 1956இல், மனைவியின் அனுமதியோடு அது ஸ்டாக்ஹோமில் மேடையேறிவிட்டது. குடும்ப நாடகத்தை ஓடவைக்கும் எண்ணெய் இந்தப் பயம்தான்: பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. பிபிஆர் என்ற அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியில், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பாட்டு ஓடுகிறது என்பது வரை கேட்கும் வீட்டில், சண்டையைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட வேண்டும். நம் மேடையில் எல்லோரும் கத்துகிறார்கள்.

கத்துவதற்குப் பாதிக் காரணம் சட்டையில் செருகிய மைக். ஆறு பேர் மேடையில் நிற்கிறார்கள், ஆறு குரலும் பக்கவாட்டில் இருக்கும் அதே இரண்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. யார் பேசினார்கள் என்று வாயசைவைப் பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது. முணுமுணுப்பும் அலறலும் ஒரே அளவில் வந்து விழுவதால், நடிகர் வித்தியாசம் காட்ட மேலும் கத்துகிறார். சேலை முந்தானை உரசும், தாலிச் சங்கிலி மைக்கில் பட்டுக் கரகரக்கும், அம்மா மகனைக் கட்டிக்கொள்ளும் நேரத்தில் மண்டபம் முழுக்க 'தொம்' என்று இடி விழும். இரண்டாம் பகுதிக்குள் வியர்வை இறங்கி ஒரு மைக்காவது செத்துப்போகும். 200 இருக்கை உள்ள அரங்கில் மைக்கே வேண்டாம். செந்தூலில் 2005இல் திறந்த கேஎல்பேக் அரங்கத்தின் சிறிய மேடை போன்ற இடங்களில், பயிற்சி உள்ள குரல் கடைசி வரிசைக்குத் தாராளமாகப் போய்ச் சேரும். 500 இருக்கை என்றால் மேடையின் முன்விளிம்பில் தரையோடு தரையாக மூன்று தட்டை மைக், இரண்டு மீட்டர் இடைவெளியில், சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதும். அது குரலைப் பெரிதாக்காது, லேசாகக் கைதூக்கி விடும்.

துத்தநாகக் கூரை போட்ட சமூக மண்டபம் என்றால் கதையே வேறு. அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரின் மழை கூரையில் இறங்கினால் மைக்கும் தோற்கும். தேதி குறிக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். தலைமை விருந்தினரின் நாட்குறிப்பை மட்டும் பார்த்தால் போதாது. குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்பே முழு வேகத்தில் ஓடவிட்டு, நாடகம் தொடங்கும்போது குறைத்துவிடலாம். மண்டபம் குளிர்ந்திருக்கும், உறுமலும் அடங்கியிருக்கும்.

இந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்கள் மேடையேறுவது கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு உடையத் தொடங்கியது. பின்னால் சபா நாடகங்கள் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தன. கே. பாலசந்தரும் விசுவும் அந்த மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனார்கள். சினிமாவின் குடும்பக் கதை தொடருக்குப் போனது. இப்போது தொடரிலிருந்து அதே கதை நம் மேடைக்குத் திரும்பி வருகிறது. மூன்று தடவை கொதிக்கவைத்த தேயிலை. நிறம் இருக்கிறது, ருசி எங்கே? இத்தனைக்கும் நம்மிடம் வானொலி நாடகம் என்ற நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. அரசாங்க ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் தமிழ் வானொலியில் குரலை மட்டும் வைத்து ஒரு வீட்டையே எழுப்பிக் காட்டினார்கள். தட்டு வைக்கும் சத்தத்தில் மாமியாரின் மனநிலை தெரியும்.

தொடரிடமிருந்து வந்த அடுத்த வியாதி இருட்டு. 24 காட்சிகள் எழுதுகிறார்கள்: வீடு, ஆஸ்பத்திரி, ஆபீஸ், கோயில், மறுபடி வீடு. 24 காட்சிக்கு 23 இடைவெளி. விளக்கணைத்து நாற்காலி மாற்ற 40 விநாடி என்று வைத்தாலும் 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருட்டு. அந்த இருட்டில் பார்வையாளர் கைபேசியை எடுக்கிறார். எடுத்த கைபேசி அடுத்த காட்சியிலும் கையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியை மேடையில் கட்ட வேண்டியதில்லை. மருந்துப் பொட்டலங்கள் பிதுங்கும் நெகிழிப் பையும், மடித்து மடித்து நைந்துபோன சந்திப்பு அட்டையும் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஒரே அறை, மூன்று அல்லது நான்கு நீண்ட காட்சிகள். ஏ4 தாளில் 12 அளவு எழுத்தில் வசனம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும், ஆகவே 50 பக்கம் இருந்தால் 100 நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மௌனத்துக்கென்று பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மௌனத்துக்கு நேரம் ஒதுக்காத பிரதியில்தான் பின்னணி இசை வந்து குந்திக்கொள்கிறது.

இனி அந்தக் கதவு. மேடைச் சுவர் என்பது 1க்கு 3 அங்குல மெராந்தி மரச் சட்டத்தில் 3 மில்லிமீட்டர் பலகை அடித்த, 4 அடி அகலம் 8 அடி உயரமுள்ள தட்டிகள். கதவு நிலையை அந்தத் தட்டியிலேயே ஆணியடித்துப் பொருத்திவிடுகிறார்கள். நாயகன் கோபத்தில் கதவை அறைந்தால் சுவரே அலைபாய்கிறது, சுவரில் மாட்டிய தாத்தா படம் ஆடுகிறது, அரங்கம் சிரிக்கிறது. நிலைக்கு 2க்கு 4 அங்குலக் கட்டையில் தனிச் சட்டம் வேண்டும். மூன்று கீல், பின்னால் இரு பக்கமும் சாய்வாகத் தாங்குகட்டை, கட்டையின் காலில் ஆளுக்கொரு 20 கிலோ மணல் மூட்டை. பக்கச் சுவரில் உள்ள கதவு என்றால் கீல் மேடையின் பின்பக்கம் இருக்க வேண்டும், கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வருபவரின் முகம் முதலில் தெரியும், பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அடுத்த நடிகர் தெரியமாட்டார். மேடைக்குள்ளே திறக்கும் கதவு வருபவரை மறைத்துவிடும், அவர் கதவைச் சுற்றி வந்து கும்பிடு போட வேண்டும்.

சத்தத்துக்கு இந்தப் பலகைக் கதவை நம்பக் கூடாது. அட்டைப்பெட்டி மூடுவது போலத்தான் கேட்கும். கனமான நிஜக் கதவு ஒன்றை நிலையோடு பின்மேடையில் நிறுத்தி, அதைச் சாத்த ஒருவரை வைப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி. ஆனால் நம் வீடுகளில் யாரும் மரக் கதவை மட்டும் சாத்துவதில்லையே. முதலில் சாவிக்கொத்து. பிறகு பூட்டு. பிறகு சங்கிலி கம்பியில் இழுபடும் ஓசை. பிறகு தடத்தில் உருளும் கிரில், அதாவது வாசலின் இரும்புக் கம்பிக் கதவு. அதன் பிறகுதான் மரக் கதவு. அப்பா வேலை முடிந்து வருகிறார் என்றால் எட்டுப் பத்து விநாடிக்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பத்து விநாடியில் அம்மா வங்கிப் புத்தகத்தை மெத்தைக்கடியில் தள்ளுகிறாள், மகன் டிவியை அணைக்கிறான், மகள் எழுந்து அறைக்குள் போகிறாள், பாட்டி மட்டும் அசையாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அந்த வீட்டில் யாருக்கு யாரிடம் பயம் என்று சொல்லியாயிற்று. இதைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டால் சத்தம் அரங்கின் முன்பக்கத்திலிருந்து வரும், வீட்டு வாசல் மேடையின் இடது பின்மூலையில் இருக்கும், காது ஏமாறாது. பழைய இரும்புக் கடையில் ஒரு மீட்டர் அகல கிரில் துண்டு ஒன்று வாங்கி, தடத்தோடு ஒரு பலகையில் முடுக்கி, வாசலுக்குப் பின்னாலேயே வையுங்கள். தடத்துக்கு எண்ணெய் மட்டும் போடாதீர்கள்.

சாப்பாட்டு மேசை பற்றி. ஐந்து பேரையும் மேசையின் ஒரே பக்கம், பார்வையாளரைப் பார்த்து, திருமண வீட்டுப் பந்தி மாதிரி உட்காரவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகு காட்டக் கூடாது என்ற பழைய பயம். நாலடிக்கு இரண்டரை அடி மேசை போதும். அதை முப்பது பாகையளவு சாய்த்துப் போட்டு, நாலு பக்கமும் ஆள் இருக்கட்டும். முதுகு காட்டும் நாற்காலி, அந்தக் காட்சியில் குறைவாகப் பேசுகிறவருக்கு. ரகசியம் வெளியாகும்போது சொல்கிறவர் முகத்தைவிடக் கேட்கிறவர் முகம்தான் நமக்குத் தேவை. தொடரில் கேமரா மூன்று தடவை பாய்ந்து அந்த முகத்தைக் காட்டும். மேடையில் அந்தப் பாய்ச்சல் கிடையாது, நாற்காலியைப் போடும் இடம்தான் கேமரா.

இன்னொன்று. மேசையைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் தமிழ்க் குடும்பம் எந்த வருஷத்துக் கதை என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். 1970இல் தோட்டத்து வரிசை வீட்டில் நடக்கும் காட்சியில் அப்பா முதலில், தனியாக, தரையில். அம்மா நின்று பரிமாறி, மிச்சம் இருப்பதைப் பார்த்துக் கடைசியில். மீன் தலை யார் தட்டில் விழுகிறது என்பதிலேயே ஒரு நாடகம் இருக்கிறது. 2020இன் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பொட்டலம். மேசை மேலே இஸ்திரி போட வேண்டிய துணி. இரண்டுமே நல்ல காட்சி. ஒன்றை எடுத்து மற்றொன்றின் வீட்டில் வைத்தால்தான் பொய்.

மேடையில் சாப்பிட உண்மைச் சோறு வேண்டும், வெறும் தட்டைத் தடவுவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் உதிரிச் சோறு தொண்டையில் ஒட்டும். குழைய வடித்து, தண்ணியான ரசம் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். முறுக்கு, நிலக்கடலை, காய்ந்த மீன் எதுவும் வேண்டாம். ஒரு துணுக்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் இருமலில் ஐந்து வசனம் காலி. கவளம் பாதி அளவு. வாயில் சோறு போகும் வரியையும் பேசும் வரியையும் ஒத்திகையிலேயே பென்சிலால் குறித்துவிட வேண்டும். மைலோவும் தே தாரிக் என்ற பால் தேநீரும் குரலைக் கெட்டியாக்கிவிடும், அதனால் குவளைக்குள் மெல்லிய கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி. மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால் கை நடுங்கினாலும் சிந்தாது. வெறும் குவளையை மட்டும் தராதீர்கள், கனமில்லாத குவளையைக் கை காட்டிக்கொடுத்துவிடும்.

சாமி மேடை வைத்தால் விளக்கு வேண்டும். பல அரங்குகளில் திறந்த நெருப்புக்குத் தனி அனுமதி கேட்பார்கள், ஊதுபத்திப் புகை கூரையிலுள்ள புகையுணர் கருவியைக் கிளப்பிவிடும். மின்கல விளக்கு போதும். ஆனால் அம்மா தீக்குச்சி கிழிப்பது போல் நடித்து, விளக்கு அதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும் அந்தக் கேலிக்கூத்து வேண்டாம். விசையை விளக்கின் அடியில், அவர் கைக்கெட்டும்படி வையுங்கள்.

மொழியில்தான் மனம் அதிகம் நோகிறது. செந்தூலில் நடக்கும் கதையில் கதாபாத்திரங்கள் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பேசுவது ஏன்? தொடரைக் கேட்டுக் கேட்டு நடிகர்களின் நாக்கு அங்கே குடிபோய்விட்டது. நம் வீட்டில் காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள், மேடையில் "டிபன் சாப்பிட்டீங்களா?" என்கிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் வீட்டுக்குள் இருக்கும் மொழிகள்தாம் நம் குடும்ப நாடகம். பாட்டியிடம் தமிழ், அக்கா தங்கைக்குள் ஆங்கிலம், அப்பா தொலைபேசியில் மேலதிகாரியிடம் மலாய். பாட்டிக்குப் புரியக் கூடாது என்று பேத்திகள் ஆங்கிலத்துக்குத் தாவும் இடத்தில், பாட்டிக்கு எவ்வளவு புரிகிறது என்பதை எழுதுகிறவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் ஒரு காட்சி தானாகக் கிடைத்துவிடும். எல்லோரையும் ஒரே செந்தமிழில் பேசவைத்தால் அந்தக் கதவு அடைபட்டுப்போகிறது. ஒத்திகையின் முதல் வாரத்தை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை நம் வாய்க்கு மாற்றுவதற்கே ஒதுக்கலாம். ஆறு வாரம், வாரம் நாலு இரவு, இரவுக்கு இரண்டரை மணி என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாங்கும் கணக்கு. அதில் ஒரு வாரம் இதற்குப் போனால் நஷ்டமில்லை.

ஆங்கிலத்திலும் மலாயிலும் நாடகம் போடும் நம் நாட்டுக்காரர்கள் குடும்பத்தை விட்டு ஓடவில்லை என்பதையும் கவனிக்கலாம். ஜித் முராட் எழுதி 2002இல் மேடையேறிய 'ஸ்பில்ட் கிரேவி ஆன் ரைஸ்' (சோற்றில் சிந்திய குழம்பு) என்ற ஆங்கில நாடகத்தில், சாவு நெருங்குவதாக உணரும் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் தன் ஐந்து பிள்ளைகளையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். குழம்பு சோற்றில் சிந்தாமல் வேறு எங்கே சிந்தும் என்ற மலாய்ப் பழமொழிதான் தலைப்பின் மூலம். தாயைப்போல் பிள்ளை என்று நாம் சொல்வதற்கு அது கிட்டத்தட்டத் தம்பி. அந்தக் கதை படமாகி, தணிக்கைச் சிக்கல்களுக்குப் பிறகு 2022இல்தான் திரையரங்குக்கு வந்தது. கெடாவின் பெடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தை ஆங்கில நாடகமாக்கினார். நம் வீட்டுக் கதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார், நாம் தமிழில் சென்னை வீட்டுக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

விஷயமா இல்லை? 1959இல் நியூயார்க்கில் லொரைன் ஹான்ஸ்பெரி ஒரு கறுப்பினக் குடும்பத்தை மேடையேற்றினார். செத்துப்போன தந்தையின் காப்புறுதிப் பணம் பத்தாயிரம் டாலர் வரப்போகிறது, அதை என்ன செய்வது என்பதுதான் முழு நாடகமும். நம் வீட்டில் அந்தக் காசோலையின் பெயர் இபிஎஃப், தொழிலாளர் சேமநிதி. 55 வயதில் அப்பா மொத்தமாக எடுக்கலாம். மூத்தவன் கடை வைக்கக் கேட்கிறான், மகளுக்குக் கல்யாணம் நிற்கிறது, அம்மாவுக்கு ஒரு சொந்த வீட்டின் முன்பணம், அப்பாவுக்கு ஊருக்கு ஒரு தடவை போய்வர ஆசை. எத்தனை வெள்ளி என்ற தொகையை முதல் பத்து நிமிடத்திலேயே மேடையில் சொல்லிவிடுங்கள். தொகை தெரிந்த பிறகு பார்வையாளர் ஒவ்வொருவரும் மனத்துக்குள் பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், பிறகு நீங்கள் அவர்களை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

1904இல் மாஸ்கோவில் மேடையேறிய செகாவின் கடைசி நாடகம், ஏலத்துக்கு வந்த ஒரு பழத்தோட்டம் பற்றியது. மரத்தை வெட்டிவிட்டுக் கோடை வீடுகள் கட்டப்போகிறார்கள். குடும்பம் கிளம்பிய பிறகு கிழட்டு வேலைக்காரனைப் பூட்டிய வீட்டுக்குள் மறந்துவிடுகிறார்கள், வெளியே கோடாலிச் சத்தம். 'தோட்டம்' என்ற சொல்லுக்கு நமக்கு இருக்கும் கனத்தை ரஷ்யர்களுக்கு விளக்க முடியாது. நம் தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்கள் எழும்பின, கோயிலை எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கே, புருஷன் நாகப்பட்டினத்தில். ஒரு ட்ரங்குப் பெட்டியை மேடையின் நடுவில் வைத்துவிட்டு, யாருடைய அட்டை குடிமகனின் நீலம், யாருடையது சிவப்பு என்று மட்டும் சொன்னால் போதும். இவ்வளவு கையில் இருக்க, காப்பியில் விஷம் கலக்கும் நாத்தனார் எதற்கு?

எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு யோசனை. வசனத்தைத் தொடுவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷக் கணக்கு போடுங்கள். யார் எந்த ஆண்டு பிறந்தார், கல்யாணம் எப்போது, தோட்டத்தை விட்டு எப்போது வந்தார்கள், வீட்டுக் கடன் எப்போது முடிகிறது. ஒரே தாள் போதும். கதைப்படி 1957இல் பிறந்த அப்பாவுக்கு 2024இல் 50 வயது ஆகிவிடுகிற விபத்தையெல்லாம் இந்தத் தாள்தான் தடுக்கும்.

கடைசியாக உங்கள் பக்கத்துக்கும் ஒரு கோரிக்கை. 8.30க்கு அறிவித்த நாடகம் 9.15க்குத் தொடங்குகிறது. நடுவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, மூன்று பேச்சு, பதினோரு பொன்னாடை. மறுநாள் நாளிதழில் வரும் படத்தில் பொன்னாடை போர்த்தியவரும் போர்த்தப்பட்டவரும் இருக்கிறார்கள், நாடகத்தின் பெயர் நாலாவது பத்தியில், நடித்தவர்களில் பாதிப் பேரைக் காணோம், மேடை அமைத்தவர், விளக்கு போட்டவர் பெயருக்கு இடமே இல்லை. குடும்ப நாடகம் திருந்த வேண்டும் என்று எழுதும் அதே கலைப் பக்கம், ஒரு நாடகத்துக்கு 300 சொல்லாவது விமர்சனமாக ஒதுக்கட்டும்; எந்தக் காட்சி நின்றது, எது விழுந்தது, கடைசி வரிசைக்குக் குரல் கேட்டதா என்று எழுதட்டும். அதற்கு உங்கள் நிருபர் பொன்னாடை முடிந்ததும் கிளம்பாமல் இடைவேளைக்குப் பிறகும் இருக்க வேண்டும். பின்வரிசையில் ஓர் இருக்கையை நாங்களே பிடித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
மேடை அமைப்பாளர்கள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்